தடி என்றார் சுபேதார்

9

போன வாரம் என்னைப் பந்தல் காலடியில், கையில் ஒரு கட்டு வாழையிலையோடு நிறுத்திவிட்டுப் போனீர்கள். ஏழு நாளாக அப்படியே நிற்கிறேன். இலை வாடிவிட்டது. கோபமில்லை, நிறுத்தினால் நிற்கிற ஆள் நான் என்பது எங்கள் பேட்டை நஜர்பாத் முழுக்கத் தெரிந்த சங்கதி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் கருப்புசாமி. மைசூரில் ஒரு சர்க்கார் கச்சேரியில் தமிழ் மொழிபெயர்ப்பு குமாஸ்தா. என் மாமனார் சுபேதார் நஞ்சுண்டசாமி. கொள்ளேகாலத்துப் பக்கம் ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து, முப்பது வருஷம் மைசூர் ஆட்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர். பதினைந்து நாளுக்கு முன்பு காலைக் காபியை ஒரு வாய் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "சூடு பத்தல" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. இன்று பதினாறாம் நாள் காரியம்.

அவருடைய ஒரே மகன், என் மைத்துனன் சித்தையன், ஆயுதப் போலீஸில் இருக்கிறான். அப்பா போவதற்கு நாலு நாள் முன்பு தேவராஜ மொஹல்லாவில் ஒரு ரேஷன் கடை வாசலில் கூட்டம் நெரிந்து, கல் பறந்து, தடியடியில் முடிந்தது. தடியடிக்கு உத்தரவு கொடுத்தது யார் என்று இப்போது விசாரணை. அன்று துப்பாக்கியோடு நின்ற பன்னிரண்டு பேரையும் போலீஸ் லைனை விட்டு நகரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் வெறும் சம்பிரதாயம்" என்று வீட்டில் எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரியத்துக்காகச் சித்தையனை இரண்டு மணி நேரம் விட்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டேபிள் துணைக்கு. மொட்டைத் தலையோடும் மழித்த மீசையோடும் அவன் பந்தலுக்குள் நுழைந்தபோது என் மாமியார் லிங்கம்மா அவனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

"மீசையை எடுத்த பொறவு அப்படியே அவரு மூஞ்சி கண்ணு" என்றார். "அவரு மட்டும் கொஞ்சம் சிரிப்பாரு."

மாமா சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு போலிருக்கிறது.

மாமாவிடம் படித்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். போலீஸ்காரர்கள், அரண்மனைக் காவலர்கள், காட்டிலாகா ஆட்கள். நரைத்த மீசைகளின் மாநாடு. ஒரு காட்டிலாகாக் காவலர் படத்தின் முன்னால் பூ வைக்கவில்லை. மடியிலிருந்து பாதியாக வெட்டிய ஒரு கொட்டைப் பாக்கை எடுத்து வைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அதில் இரண்டு பேர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாக்கின் கதை இதுதான். மாமா யாருக்கும் முதல் இருபது நாள் தோட்டாவைக் கண்ணில் காட்ட மாட்டார். வெறும் துப்பாக்கி. குழலின் நுனியில் பாதிப் பாக்கு. விசையை இழுக்க வேண்டும், பாக்கு விழக் கூடாது. விழுந்தால் திட்ட மாட்டார், ஓடவைக்க மாட்டார். தானே குனிந்து பொறுக்கி, ஊதி, மறுபடி வைப்பார். சுபேதார் தனக்காகக் குனிகிறாரே என்ற வெட்கத்திலேயே பெரிய பெரிய பயில்வான்களுக்கெல்லாம் விரல் பணிந்துவிடும்.

"மாட்டுக்கிட்டக் கடைசிச் சொட்டை எப்படிடா கறப்பே? புடுங்குவியா? அப்படித்தான் இதும்" என்பார்.

மற்ற வாத்தியார்கள் மைதானத்தின் அந்தக் கோடிவரைக்கும் கத்துவார்கள். இவர் வலது காதுக்குப் பின்னால் வந்து நின்று, கிட்டத்தட்ட மூச்சிலேயே பேசுவார். அதைக் கேட்பதற்காக வரிசை முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். குறி பார்த்து, மூச்சைப் பாதி விட்டு, விரல் விசையைத் தொடுகிற அந்த நேரத்தில் காதருகே ஒரே ஒரு சொல் விழும்.

"தடி."

கன்னடத்தில் தடி என்றால் பொறு என்று அர்த்தம். தமிழில் என்ன அர்த்தம் என்பது முதுகு உள்ள எல்லோருக்கும் தெரியும். மாமா வீட்டில் தமிழ் பேசினாலும் மைதானத்தில் கன்னடக்காரர். பொறு, பார்த்ததை இன்னொரு தரம் பார். எதிரே இருப்பது நீ சுட வந்ததுதானா? "அந்த இன்னொரு தரந்தாண்டா பாடம். மத்ததெல்லாம் இரும்பு." ஒரு தடி என்றால் பொறுக்க வேண்டும். மூன்று தடி என்றால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். குறி பார்த்துச் சுட்டவனுக்குப் பத்து மதிப்பெண். மூன்று தடி கேட்டு, சுடாமல் இறக்கியவனுக்கு இருபது.

இருபது வாங்கியவர்களில் அடியேனும் ஒருவன். ராமக்காளைப் பெண் கேட்டுப் போனபோது எனக்கு மாமா காபி கொடுக்கவில்லை, துப்பாக்கியைக் கொடுத்தார். "காலையில சாமுண்டி மலை அடிவாரத்துக்கு வாங்க மாப்ளே." இருபத்தோராம் நாள் தோட்டா போட்டார்கள். குறி பார்த்தேன். எனக்கு எதிரே இருந்த பலகை இரண்டாகத் தெரிந்தது. மூன்று தடி வருகிற வரைக்கும்கூட நான் காத்திருக்கவில்லை. முதல் தடியிலேயே துப்பாக்கியை இறக்கிக் கீழேயே வைத்துவிட்டேன். மாமா வெகுநேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் முகூர்த்தம் குறிக்கச் சொன்னார். என் நடுக்கத்தை அவர் நிதானம் என்று எடுத்துக்கொண்டார். பதினொரு வருஷமாக நானும் அந்தத் தப்பைத் திருத்தவில்லை.

இலை போட்டார்கள். என் பக்கத்தில் சித்தையன்.

"என்னதான் நடந்துச்சு மாப்ளே அன்னைக்கு?" என்று நான்தான் கேட்டேன். வாயில் அப்பளம் இருக்கும்போது பேசாதே என்று அம்மா சின்ன வயசிலேயே சொல்லியிருக்கிறாள்.

"ஒண்ணுமில்லீங் மச்சான். கல்லு வந்து விழுந்துச்சு. இன்ஸ்பெக்டரைக் காணோம். எங்காளுக நாலஞ்சு பேரு துப்பாக்கியத் தூக்கிப் புடிச்சிட்டாங்க. எதுக்கால பூராவும் பொம்பளைங்க, கையில பை. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க. அப்பன் சொல்றதுதான் வாயில வந்துச்சு. தடி, தடி, தடின்னு மூணு தரம் கத்துனேன்."

"எறக்குனாங்களா?"

"அப்பன்கிட்டப் படிச்சவங்கதானுங்க அத்தனை பேரும். மூணாவது தடிக்கு எல்லாத் துப்பாக்கியும் தரையப் பாத்துருச்சு. அதுக்குள்ள பின்னாடி நின்ன லத்திக்காரங்க உள்ள பூந்துட்டாங்க. ஆரு சொன்னாங்கன்னு ஆருக்கும் தெரியல."

எதிர்வரிசையில் ஒரு நரைத்த மீசை, "சபாஷ் மகனே" என்றது. பந்தலே ஒரு தரம் நிமிர்ந்து உட்கார்ந்தது. லிங்கம்மா அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

நான் மட்டும் மிச்ச அப்பளத்தை இலையோரம் வைத்துவிட்டேன்.

பத்து நாளுக்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் எங்கே உட்காருவது, எப்படி அழுவது என்று தெரியாமல் கச்சேரிக்கு ஓடிப்போய் உட்கார்ந்தேன். மேஜைக்கு ஒரு காகிதம் வந்தது. ரேஷன் கடைத் தடியடியில் புருஷனுக்கு முட்டி பெயர்ந்த மாரக்காள் என்ற பூக்காரியின் வாக்குமூலம். ஹனூரிலிருந்து மூன்று மாதம் முன்பு வந்தவள்; சொன்னதும் தமிழ், எழுதிக்கொண்டதும் தமிழ். விசாரணை அதிகாரிக்கு அது இங்கிலீஷில் வேண்டும்.

"முன்னால நின்ன துப்பாக்கிக்காரர் ஒருத்தர் தடி தடின்னு கத்துனாரு. ஒடனே அடி விழுந்துச்சு."

நான் என்ன எழுதினேன்? "லத்தி! லத்தி!" அவள் வைக்காத இரண்டு ஆச்சரியக்குறிகளை என் சொந்தப் பொறுப்பில் வைத்தேன். "கத்தினார்" சப்பென்று இருந்தது. "ஆணையிட்டார்" என்று மெருகேற்றினேன். சித்தையன் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் என்று தெரியும். ஆனால் அவன் வீட்டில் மோர் வேண்டும் என்பதையே கை காட்டிக் கேட்கிறவன். கத்தியது வேறு யாரோ ஒரு முரடன் என்று நினைத்தேன். தமிழ்க் காகிதத்தில் தமிழ்த் தடிதான் கண்ணில் பட்டது; இன்னொரு தரம் பார்க்கவில்லை. கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஒரு வாக்கியம் எழுதினேன் பாரு, கட்டளை காதுல கேக்கற மாதிரியே இருக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டது வேறு.

கை கழுவப் புறக்கடைக்குப் போனேன். ராமக்காள் பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லீன்னா நீங்க ரெண்டாந்தரம் பாயசம் கேட்டிருப்பீங்க."

சொன்னேன். அவள் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. அழுவாள் என்று பார்த்தேன். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கட்டளை மாதிரியே கேக்கும்னு சொன்னீங்களே. அதுங்களா?"

"அதுதான்."

"எங்கப்பன் உங்க பேனா நுனியிலயும் ஒரு பாக்கை வெச்சுப் பாத்திருக்கோணும். பேனாவைப் பாத்திருந்தா என்னையக் குடுத்திருக்க மாட்டாரு." செம்பைக் கீழே வைத்தாள். "கச்சேரிக்குப் போங்க. போய் மாத்தி எழுதுங்க. அம்மாளுக்குத் தெரிய வேண்டாம்."

வாசலில் கான்ஸ்டேபிள் சித்தையனுக்காகக் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சித்தையன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "எல்லாம் சம்பிரதாயந்தானுங்களே மச்சான்?"

"ஆமா மாப்ளே" என்றேன்.

விசாரணை அதிகாரி பசவராஜ் நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்தால் இன்று எனக்குத் திட்டுவதற்காவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். பேச்செல்லாம் கன்னடத்தில். இங்கே தமிழில் தருகிறேன். என் மொழிபெயர்ப்பை நம்புவதும் நம்பாததும் இனி உங்கள் பாடு.

"ஏன்ரீ கருப்புசாமி, இன்று லீவு அல்லவா?"

"ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டேன் ஸ்வாமி. மூலத்தில் இருப்பது தடி."

"தடியா?" அவர் முகம் மலர்ந்தது. "பொறு என்றா சொன்னான்?" பிறகு மெதுவாக மலர்ச்சி இறங்கியது. "ஐயோ. அந்தப் பன்னிரண்டு பேரும் இதையேதான் சொல்கிறார்கள். எல்லோரும் ஒரே குருவின் சிஷ்யர்கள், சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று நினைத்தேன்."

"அப்படியானால் நான் திருத்தி எழுதித் தரட்டுமா?"

பேனாவைக்கூட என் பக்கம் தள்ளினார். நான் தொட்டேன்.

"இருங்கள். உமக்கு இதில் யாராவது உறவா?"

பொய் சொல்லலாம். நினைத்தும் பார்த்தேன். ஆனால் மழித்த தலையோடு காரிய வீட்டுச் சந்தனத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மருமகனுக்கு மொட்டை கட்டாயமில்லை என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் அடித்துக்கொண்ட மொட்டை.

"கத்தினவன் என் மனைவியின் தம்பி."

பசவராஜ் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கோபமாக அல்ல, நோயாளியின் கையிலிருந்து சர்க்கரையை எடுப்பது போல.

"இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் காகிதம் உம்மிடம் வந்தே இருக்காது. இப்போது நீர் மாற்றினால், மச்சானுக்காக மாற்றினார் என்றுதான் மேலே படிப்பார்கள். உம்முடைய தப்பு அப்படியே இருக்கும். மேலே ஒரு பொய்யும் சேர்ந்த மாதிரி ஆகிவிடும்."

"வேறு யாராவது மொழிபெயர்த்தால்?"

"அவரும் மூலத்தைப் பார்த்துத் தடி என்றால் கோல் என்றுதான் எழுதுவார். தமிழில் அதுதானே அர்த்தம்? அந்தப் பெண் தமிழ்க்காரி. அவள் கேட்டது கோல்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளோ, அங்கே நின்ற வேறு யாரோ, நாளைக்குப் பத்து மணிக்கு இங்கே வந்து, அவன் சொன்னது கன்னடமாக இருக்கலாம் என்று தானாகச் சொன்னால் போதும். மத்தியானம் அறிக்கை மேலே போகிறது. உத்தரவில்லாமல் தடியடிக்கு ஆணையிட்டவன் என்று போனால் வேலை போகும். ஒருவர் கால் போயிருப்பதால் ஜெயிலும் உண்டு."

"நான் போய் அவளிடம்..."

"கூடாது. நீர் போய் எடுத்துச் சொன்னால் அது சாட்சியைக் கலைப்பது. உம்மையும் சேர்த்து உள்ளே வைக்க வேண்டிவரும்."

வெளியே வந்தேன். பூ வாங்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. வாக்குமூலத்தில் விலாசம் இருந்தது; நானேதான் அதை இங்கிலீஷில் எழுதினேன். தாழ்ந்த ஓட்டு வீடு. வாசலில் மாரக்காள் ஈரச் சாக்கின் மேல் மல்லிகையைக் குவித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்னப் பெண். வாசலை ஒட்டினாற்போல உள்ளே இருட்டில் ஒரு கட்டில். கதவு மூலையில் ஒரு கைத்தடி புதிதாகச் சீவிச் சாத்தியிருந்தது.

"ரெண்டு முழம் குடும்மா."

"சாமிக்குங்களா, வீட்டுக்காரம்மாளுக்குங்களா?"

"மாமனார் படத்துக்கு. இன்னைக்குப் பதினாறு."

அவள் என் மொட்டையைப் பார்த்தாள். அளந்தபின் அரை முழம் கூடவே விட்டாள். "இருந்திருந்து இன்னைக்குத்தானுங்க கடை போடறேன். எம் புருசனுக்குக் காலு போயிருச்சு."

"கேள்விப்பட்டேன்" என்றேன். சாட்சியைக் கலைப்பதில் இது சேருமா என்று தெரியவில்லை.

"பன்னெண்டு வருசமா இங்க மூட்டை தூக்குறாருங்க. அரிசி வாங்கப் போன எடத்துல அடிச்சுப்போட்டாங்க. முன்னால ஒருத்தன் துப்பாக்கி வெச்சுட்டு நின்னான். அவந்தான் தடி தடின்னு கத்துனான். எங்காதால கேட்டனுங்க. கத்துன வாயி நல்லா இருக்குமா சொல்லுங்க?"

சொல்லலாம். அந்த வாய் என் பக்கத்தில் உட்கார்ந்து இன்று பாயசம் சாப்பிட்டது. அது உன்னைச் சுட வந்த நாலைந்து துப்பாக்கிகளைத் தரையைப் பார்க்கவைத்தது. நீ இன்று பூக்கட்டுவதே அதனால்தான். எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "இல்லம்மா, அவன்..." என்று தொடங்கியும்விட்டேன்.

வலது காதுக்குப் பின்னால் மூச்சு மாதிரி ஒன்று. பழக்க தோஷம். பொறு, இன்னொரு தரம் பார்.

பார்த்தேன். மல்லிகைக் காம்பின் பச்சை ஏறிய விரல்கள். உள்ளே கட்டிலில் துணி சுற்றிய முட்டி. சொன்னால், காலுடைந்தவன் பெண்டாட்டியிடம் வந்து போலீஸ்காரனின் மச்சான் அகராதி பேசினான் என்று ஆகும். நாளைக்கு அவளே அதைப் பசவராஜிடம் சொல்வாள். சித்தையனுக்கு இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். சொல்லாமல் போனால் நாளை மத்தியானம் எப்படியும் அடைபடும்.

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தரம்தான் சுட்டிருக்கிறேன். அது பேனாவால். பட்டது மைத்துனன் மேல்.

"அவன்... ஆருன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?" மாரக்காள் தலை நிமிர்ந்தாள்.

"பூ ரொம்ப வாசமா இருக்கு" என்றேன். இதைவிடக் கேவலமான பதிலை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தானாகவே வந்தது.

"ஆரு அது?" உள்ளேயிருந்து கரகரத்த குரல்.

"பூ வாங்க வந்தவருங்க" என்று அவள் உள்ளே சொன்னாள். என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "இத்தனை நாளா ஒரு வார்த்தை பேசல. போலீஸ்காரங்க எழுதிக்க வந்தப்பவும் வாயத் தொறக்கல. இன்னைக்குத்தான் பேசறாரு. பேசுனாலும் பாதி கன்னடம். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது."

பூவை வாழைநாரில் சுற்றி என் கையில் கொடுத்தாள். நான் திரும்பி நடந்தேன். நாலு அடி வைத்திருப்பேன்.

"தடி!" என்றது உள்ளிருந்த குரல்.

மாரக்காள் சட்டென்று எழுந்து மூலையில் இருந்த கைத்தடியை எடுத்தாள்.

நான் சந்தின் நடுவில் நின்றுவிட்டேன்.

கதவு இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. தடியை வாங்க நீண்டதா, என்னை நிறுத்த நீண்டதா? நிறுத்தத்தான் என்றால், அன்று அந்தச் சொல்லைப் பொறு என்று கேட்ட காது ஒன்று இந்தக் கட்டிலில் இருக்கிறது.

பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன்.